அருவிக்குப் போகும் வழி



நினைவுக் கூட்டத்தில் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போவது நம் வழக்கம் அல்ல. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி வந்து, வீட்டுக்குப் போகும்போதும் அது உறுத்திக்கொண்டே வர வேண்டும் என்பதற்காகத்தான் கூடுகிறோம். இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு பாதை, ஒரு குவளை, ஒரு குழி, ஒரு கைபேசிச் செயலி, இவற்றுக்குச் சாதி உண்டா?

பொருளுக்கு ஏது சாதி, அதைப் பயன்படுத்தும் மனிதனுக்குத்தானே சாதி என்று உடனே சொல்லத் தோன்றும். அந்தப் பதிலோடு நம் ஊர் அருவிக்குப் போய்ப் பார்ப்போம்.

1. காந்தி குளிக்காத அருவி

குற்றாலம் பேரருவியைத் தெரியாதவர்கள் இந்த அரங்கில் இருக்க முடியாது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் பொங்குமாங்கடலில் இறங்கிப் பொங்கி, பிறகு பாறை மேல் சரிந்து நம் தலையில் விழுகிறது. ஆனி ஆடிச் சாரலில் தென்காசியில் பேருந்தை விட்டு இறங்கும்போதே முகத்தில் ஈரம் படும். அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடிப் பல ஊர்க் குளங்களை நிரப்பித் தாமிரபரணியில் சேர்கிறது. வழியில் எந்த வயலிலும் அது யாருடைய சாதியையும் கேட்பதில்லை.

1934 ஜனவரியில் காந்தி தம் தீண்டாமை எதிர்ப்புப் பயணத்தில் திருநெல்வேலிப் பக்கம் வந்தார். குற்றாலத்துக்கும் வந்தார். அருவி வரை வந்தவர் குளிக்கவில்லை. அன்றைக்குப் பேரருவிக்குப் போகும் வழி குற்றாலநாதர் கோயில் வழியாகப் போயிற்று. கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் நுழையக் கூடாது. ஆகவே அவர்கள் அருவிக்கும் போக முடியாது. அவர்கள் குளிக்க முடியாத அருவியில் தாமும் குளிப்பதில்லை என்று காந்தி திரும்பிவிட்டார்.

இந்தச் சம்பவத்தைக் காந்தியின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மரியாதையை நாம் பறிக்க வேண்டாம். ஆனால் நம் கண் வேறோர் இடத்தில் நிற்கிறது. குளிக்காமல் போன காந்தியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. குளிக்க முடியாமல் போன நம் பாட்டன், பாட்டிகளின் பெயர் எங்கும் இல்லை. மலையடிவாரத்திலேயே பிறந்து, நாற்று நட்டு, களை பறித்து, அருவியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே செத்துப்போனவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அருவியில் தாழ்த்தப்பட்டவர் குளிக்கக் கூடாது என்று தடை போட வேண்டிய தேவையே அங்கே இல்லை. தண்ணீருக்குத் தடை இல்லை, பாறைக்குத் தடை இல்லை. வழி மட்டும் கோயில் வழியாக இருந்தது, அது போதும். காவல்காரன் வேலையைப் பாதையே செய்தது.

2. சட்டம் திறந்தது, பாதை திறக்கவில்லை

இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1924இல், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுப் பாதை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசும் அதை ஆணையாக வெளியிட்டது. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். அங்கேயும் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் தீர்மானம் முன்பே இருந்தது. தீர்மானம் இருந்தும் தண்ணீர் கிடைக்கவில்லை என்பதால்தான் ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய்க் குடிக்க வேண்டியிருந்தது.

சட்டத்தில் பாதை திறந்திருந்தது. ஆனால் குற்றாலத்தில் அந்தப் பாதை பாதையாக இல்லை, கோயிலாக இருந்தது. கோயில் நுழைவுக்கு அப்போது சட்டம் இல்லை. இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது, 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. சென்னை மாகாணத்திலோ 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவும், அதையொட்டி வந்த சட்டமும் வேண்டியிருந்தன. ஒரே மலை, ஒரே சாரல், நடந்தே போய்வரும் தூரம். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சாமி கும்பிடலாம் என்று ஆன பிறகும், இந்தப் பக்கம் அருவிக்குப் போக வழி இல்லை.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், உணவகங்கள் என்று சொல்லிவிட்டு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. உரிமையைப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தீண்டாமை குடியிருப்பது கிணற்றின் கைப்பிடிச் சுவரில், துறையின் படிக்கட்டில், சாலையின் வளைவில்.

1980இல் லாங்டன் வின்னர் என்ற அமெரிக்க அறிஞர், மனிதர் செய்யும் பொருள்களுக்கு அரசியல் உண்டா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். சமூகவியல் மாணவர்கள் படித்திருப்பீர்கள். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ராபர்ட் மோசஸ் கட்டிய சாலைப் பாலங்கள் உயரம் குறைந்தவை. கார் நுழையும், பேருந்து நுழையாது. பேருந்தை நம்பியிருந்த ஏழைகளும் கறுப்பின மக்களும் கடற்கரைப் பூங்காவுக்கு வருவதை அந்த உயரமே தடுத்தது என்பது அவருடைய வாதம். மோசஸின் உள்நோக்கம் குறித்தும், பேருந்துகள் உண்மையிலேயே தடுக்கப்பட்டனவா என்பது குறித்தும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினார்கள். அவர் கேட்ட கேள்வி மட்டும் நிலைத்துவிட்டது. அங்கே கடற்கரை, இங்கே அருவி. நம் பாட்டன்கள் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே அதற்குப் பதில் தெரிந்தவர்கள்.

3. வண்டி, அச்சு, இயந்திரம்

அப்படியானால் தொழில்நுட்பம் எல்லாமே நமக்குப் பகையா? இல்லை. அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போனால் நம் முன்னோரின் அறிவை நாமே மறுத்தவர்களாவோம்.

1904இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை ரயில் போயிற்று. ரயில் பெட்டி கட்டணத்தால் பிரிக்கப்பட்டது, சாதியால் அல்ல. மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கியவன் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பெட்டியை அப்படிச் செய்தவனுக்கு நம் மேல் இரக்கம் ஒன்றும் இல்லை, இடத்தை மிச்சம் பிடித்து ஆளை ஏற்றினான். ஆனாலும் அது நமக்கு உதவிற்று. பெட்டியில் பிரிக்க முடியாததை நடைமேடையில் பிரித்தார்கள். நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம். பெரியாரும் நீதிக்கட்சியினரும் எதிர்த்துப் போராடிய பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை போயிற்று.

பேருந்து வந்தபோது அதில் நம்மை ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றாத பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வதாக உத்தரவு போட்டார். அதன் பிறகு ஏற்றினார்கள். 1997இல் தென்மாவட்டத்தில் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறித்தார்கள். கலவரம் மூண்டது. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. அதே சக்கரம், அதே இருக்கை, அதே கட்டணம். பக்கவாட்டில் எழுதிய பெயர் ஒன்றுதான் வேறு.

அச்சு இயந்திரத்தை நம்மவர்கள் எவ்வளவு விரைவாகக் கையில் எடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு மக்கள் ஈய எழுத்தைக் கோத்துத் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதினார்கள்.

அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது பற்றிய நூலில் இயந்திரத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். இயந்திரத்தால் கேடு விளைகிறது என்றால் குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலருடைய கையில் கொடுத்துவிடும் சமூக அமைப்பில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். உடம்பு தேய உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வு இருந்தால்தான் அவன் படிப்பான், சிந்திப்பான். அந்த ஓய்வை இயந்திரம்தான் தர முடியும். கைராட்டையைப் போற்றுவது ஓய்வு இருப்பவனுக்குச் சுலபம்.

அம்பேத்கரின் இந்த வாதத்தோடு குற்றாலத்துப் பாதையைச் சேர்த்துப் படித்தால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு பொருள் யாருடைய உடம்பைத் தேய்க்கிறது, யாருக்கு ஓய்வு தருகிறது என்று பார்ப்பதுதான் அந்த அளவுகோல்.

4. சிரட்டையும் காகிதக் கோப்பையும்

நம் பாட்டிகள் தேநீரைச் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர்கள். பிறகு கடையின் கூரையில் செருகி வைத்த தனிக் குவளை வந்தது. குடித்துவிட்டு நாமே கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். இரட்டைக் குவளையை எதிர்த்து இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு என்று மூத்தவர்களைக் கேளுங்கள்.

அப்புறம் தூக்கியெறியும் கோப்பை வந்தது. சில கடைகளில் அது சிக்கலைத் தீர்த்தது, எல்லோருக்கும் ஒரே கோப்பை. சில கடைகளிலோ அவர்களுக்குக் கண்ணாடிக் குவளை, நமக்குக் காகிதக் கோப்பை என்று ஆனதை நாமே பார்த்திருக்கிறோம். கேட்டால் சுகாதாரம் என்பார்கள். தனிக் குவளையைக் காட்டி வழக்குப் போட்டோம். குப்பைத் தொட்டியில் கிடக்கும் கோப்பையைக் காட்டி எப்படிப் போடுவது? பொருள் மாறினால் சாதி போய்விடும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சில சமயம் புதுப் பொருள் பழைய வழக்கத்தைச் சாட்சி இல்லாமல் செய்துவிடுகிறது.

5. குழி

உயிர் போகும் இடத்துக்கு இப்போது வருகிறோம்.

பழைய வீடுகளின் எடுப்புக் கக்கூசைப் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கலாம். வீட்டின் பின்சுவரில் தரையை ஒட்டி ஒரு சின்னத் திறப்பு. அந்தத் திறப்புக்கென்றே பின்னால் ஒரு சந்து. அள்ளுகிறவர் தெருவழியாக வர வேண்டியதில்லை, வீட்டுக்காரர் கண்ணில் பட வேண்டியதில்லை. கொத்தனார் சுவர் எழுப்பும்போதே, நம்மவர் ஒருவர் தினமும் வந்து குனிவார் என்று தீர்மானித்துவிட்டார்கள். வீட்டின் வரைபடத்திலேயே நம் சாதி இருந்தது.

1993இல் அதைத் தடை செய்து சட்டம் வந்தது. எடுப்புக் கக்கூஸ் குறைந்தது. அதன் இடத்தில் மலத்தொட்டியும் பாதாளச் சாக்கடையும் வந்தன. அள்ளியவர் இப்போது இறங்க வேண்டியதாயிற்று. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறிக்கொண்டே போகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள்.

ஏன் நிற்கவில்லை? சாக்கடையின் வாயை ஆங்கிலத்தில் ‘மேன்ஹோல்’ என்றார்கள். தமிழில் ‘ஆளிறங்கு குழி’ என்று மொழிபெயர்த்தோம். ஆள் இறங்குவார் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் மத்திய அரசு அதை ‘மெஷின்ஹோல்’ என்று அழைக்கச் சொன்னது. பெயரை மாற்றியது நல்லதுதான். ஆனால் குறுகிய சந்தில் லாரி நுழையாது. வளைவான குழாயில் கட்டிய அடைப்பை உறிஞ்சு குழல் எடுக்காது. தொட்டியின் மூடியைத் திறந்தால் ஒரு மனித உடம்பு நுழையும் அளவுதான் இடம் இருக்கும். அந்த அளவை ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். அடைப்பு ஏற்பட்டால் யார் எடுப்பார் என்ற கேள்வி வரைபடம் போடும்போது அவருக்கு வரவில்லை. வராததற்குக் காரணம், அதற்கான விடையைச் சமூகம் ஏற்கெனவே வைத்திருந்தது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. இரட்டை உறிஞ்சு குழிக் கழிப்பறை பல பத்தாண்டுகளாக நம் நாட்டில் இருக்கிறது. ஒரு குழி நிரம்பியதும் கழிவை இரண்டாவது குழிக்குத் திருப்பிவிடலாம். மூடிவைத்த முதல் குழியில் உள்ளது இரண்டு ஆண்டுகளில் நாற்றமில்லாத மண்ணாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் எடுத்துத் தோட்டத்தில் போடலாம். எங்கும் இது பொருந்தாது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்திலும் நெருக்கமான நகரத்திலும் வேறு ஏற்பாடு வேண்டும். ஆனால் பொருந்தும் இடத்திலும் பலர் பெரிய தொட்டியைத்தான் கட்டுகிறார்கள். தம் வீட்டுக் குழியைத் தாமே திறப்பது என்ற நினைப்பே பலருக்கு ஆகவில்லை. நுட்பம் தயாராக இருந்தும் மனம் தயாராக இல்லை. கேரளத்தில் 2018இல் சாக்கடைக்குள் இறங்கும் இயந்திரம் செய்து காட்டினார்கள். அதுவும் வந்தது. ஆனாலும் ஆளின் கூலி மலிவு என்று கணக்குப் போடும் ஊரில் இயந்திரம் கொட்டகையில்தான் கிடக்கும்.

நம் குற்றாலத்துக்கே திரும்புவோம். சாரல் சீசனில் வந்து குளிப்பவர்கள் எண்ணெய்ப் புட்டியையும் ஷாம்பு உறையையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். விடிவதற்கு முன் அவற்றை அள்ளுபவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கையில் இருக்கும் துடைப்பத்தைப் பாருங்கள். அதன் காம்பு குட்டை, குனிந்தால்தான் பெருக்க முடியும். காம்பை நீட்டுவதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. முதுகு நோவுபவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அருவிக்கு வரவிடாமல் தடுத்த ஊர், இன்றைக்கு அருவிக்கரையைச் சுத்தம் செய்ய மட்டும் நம்மை முதலில் வரச் சொல்கிறது.

6. கேமரா யாரைப் பார்க்கிறது

மாணவர்களுக்கு நெருக்கமான பொருள் கைபேசி. அதைப் பற்றி இரண்டு சம்பவங்கள்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகையைப் பதிய என்.எம்.எம்.எஸ். என்ற செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தலங்களிலும் கட்டாயம் ஆனது. வேலையாட்களை நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து, இடக் குறிப்போடு ஏற்ற வேண்டும். ஊழலைத் தடுப்பது நோக்கம் என்றார்கள். நோக்கத்தில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் கண்மாய்க் கரையில் மண் வெட்டும் பெண், வெட்டிய அளவுக்குக் கூலி வாங்குபவள். முன்பு காலையில் இறங்கி அளவை முடித்துவிட்டால் வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். செயலி வந்த பிறகு இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிக்னல் இல்லாமல் படம் ஏறவில்லை என்றால் உழைத்த உழைப்பு கணக்கில் இல்லை. அந்த ஆண்டு பல மாநிலத் தொழிலாளர்கள் தில்லிக்குப் போய்ப் பல நாட்கள் போராடினார்கள். ஒப்பந்தக்காரரின் பட்டியலையோ அதிகாரியின் கோப்பையோ நாளுக்கு இரண்டு முறை படம் எடுக்கும் செயலி எதுவும் வரவில்லை. கூலி வாங்குபவள் திருடுவாள் என்ற சந்தேகம்தான் அந்தச் செயலியின் அடித்தளம்.

இரண்டாவது சம்பவம் நம் மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில் நடந்தது. தின்பண்டம் வாங்க வந்த நம் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனிமேல் உங்களுக்குத் தர மாட்டோம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அதைப் பெருமையாகப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அந்தப் படமே அவர்களுக்கு எதிரான சாட்சியானது. கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் வரவும் தடை வந்தது. கடை வாசலில் ஒன்றும் புரியாமல் நின்ற அந்தக் குழந்தைகளின் முகத்தை நம்மால் மறக்க முடியாது. அதே நேரத்தில், எத்தனையோ தலைமுறையாகச் சாட்சி இல்லாமல் நடந்துவந்த ஒன்று அன்றைக்குச் சாட்சியோடு நடந்தது.

இரண்டிலும் கருவி ஒன்றுதான். ஒன்றில் கேமரா நம்மைச் சந்தேகிக்கிறது. மற்றொன்றில் நம்மை அவமானப்படுத்த எடுத்த கேமரா நமக்கு நியாயம் கேட்கிறது. கருவி யார் பக்கம் என்பது செய்தவரின் கையிலேயே முழுக்க முடிந்துவிடுவதில்லை. நாம் அதில் தலையிட முடியும்.

7. வரைபடம் போடும் இடம்

1934இல் இதே பயணத்தில் திருநெல்வேலியில் பேசிய காந்தி, அந்த மாதம் பீகாரை அழித்த நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். இயற்கை நிகழ்ச்சியை இப்படி விளக்குவது அறிவுக்குப் பொருந்தாது என்று தாகூர் மறுத்து எழுதினார். பாவம் என்று பார்த்தால் மனம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டும். உரிமை என்று பார்த்தால் மகத்தில் நடந்ததுபோல இறங்கிப் போராடலாம். இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது. பாதையையே மாற்றிப் போட வேண்டும். மனம் திருந்தாதவனும் தடுக்க முடியாதபடி பாதை அமைய வேண்டும்.

இன்று குற்றாலத்தில் கோயிலுக்குள் நுழையாமலே பேரருவிக்குப் போகலாம். நம் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வழி ஒரு காலத்தில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது நம் கடமை.

சொல்வதோடு நிற்க வேண்டாம். நம் சேரிகளிலிருந்து முதல் தலைமுறையாகப் பொறியியல் படித்தவர்கள் இன்று ஏராளம். கட்டடம் வரைபவர்களும், செயலி எழுதுபவர்களும், பேரூராட்சிகளில் பொறியாளராக இருப்பவர்களும் நம்மில் உண்டு. அவர்களிடம் நாம் கேட்பது பெரிய தியாகம் அல்ல. ஒரு கழிவுத் தொட்டியின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது, அடைத்தால் யார் எடுப்பார் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு செயலிக்குப் படிவம் தயாரிக்கும்போது, இது இல்லாதவர் எங்கே போவார் என்று கேளுங்கள். துப்புரவுத் தொழிலாளிக்குக் கருவி வாங்கும் கோப்பு வந்தால், கையொப்பமிடும் முன் அவரை அழைத்து அதைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொறியாளர் அல்லாத நம்மைப் போன்றவர்கள் கிராம சபையில் இதே கேள்விகளைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் செய்ததும் இதுதான்.

நினைவைப் போற்ற மலர் வைத்தோம். அடுத்த ஆண்டு கூடும்போது, நம் ஒவ்வோர் ஊரிலும் மனிதர் இறங்காமல் சுத்தம் செய்யக்கூடிய குழிகள் எத்தனை, செய்ய முடியாதவை எத்தனை என்று எண்ணிப் பட்டியலோடு வருவோம்.

ஜெய் பீம்.